கடல்மீன் குஞ்சின் முதற்கவளம்

நாமக்கல்லைச் சூழ்ந்த ஊர்களிற் கோழி முட்டையைப் பற்றி ஒருவருக்கு ஒருவர் கற்பிக்க வேண்டுவதில்லை. 21 நாள் அடைகாத்த பின் ஓட்டை உடைத்து வெளிவரும் குஞ்சு, கண் திறந்து, கால் ஊன்றி, மண்ணைக் கொத்தத் தெரிந்தே பிறக்கின்றது. முட்டையில் மிஞ்சிய மஞ்சட்கருவும் அதன் வயிற்றினுள் இழுத்துக்கொள்ளப்பட்டு, முதல் இரண்டு மூன்று நாளைக்குக் கட்டுச்சோறாக உதவுகின்றது. தாய்க்கோழி தன் மகவுக்கு அத்துணைச் செல்வத்தை வைத்தே அனுப்புகின்றது.

கடல்மீனோ அவ்வாறு செய்வதில்லை. நம் நாட்டுக் கரையோரங்களிற் பெரிதும் விரும்பி உண்ணப்படும் கொடுவா மீனின் முட்டை, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுடையது. இலட்சக்கணக்கில் இடப்படும் இம்முட்டைகள் 17, 18 மணி நேரத்திற் பொரிந்துவிடுகின்றன. வெளிவரும் உயிருக்கு வாய் இல்லை. கண்ணிற் கருமை ஏறவில்லை. குடல் ஒரு நேரான இழை. வயிற்றின் கீழே ஒட்டிய மஞ்சட்பை ஒன்றே அதன் உடைமை. அதுவும் மூன்று நாளளவில் தீரும். தீருங்காலத்தில் வாய் திறக்கும். வாய் திறந்த அப்பொழுதில் ஏற்ற கவளம் கண்ணெதிரே இல்லையாயின், குஞ்சு சிறிது சிறிதாக வலி குன்றும். ஒரு நிலை கடந்தபின் உணவைக் கொட்டினாலும் அதனைப் பற்றும் ஆற்றல் அதற்கு இராது. அக்கவளம் யாது, அதனை மனிதர் எங்ஙனம் விளைவிக்கின்றனர் என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்குக் கடல் எத்திசையிலும் நூறு மைலுக்கு அப்பாற்பட்டது. கடல்மீன் குஞ்சின் பசி நமக்கு என் என்று நண்பர் சிலர் வினவக்கூடும். அவர்கட்கு நாம் சொல்லத்தக்கது ஒன்று உண்டு. நம் பக்கத்துக் கோழிப் பண்ணைகளில் மக்காச்சோளம், சோயாப் பிண்ணாக்கு முதலியவற்றோடு கருவாட்டுத் தூளையும் தீவனத்திற் கலப்பதுண்டு. காரல் முதலிய சிறுமீன்கள் இராமேசுவரம், தூத்துக்குடிக் கரைகளில் மணலிற் காய்ந்து, மூட்டையாகி, வண்டியேறி இங்கு வருகின்றன. ஆகவே கடலுக்கும் நம் முற்றத்துக் கோழிக்கும் உறவு முன்னரே ஏற்பட்டுள்ளது. அச்சிறுமீனின் உடலிலுள்ள நயமான கொழுப்பு அம்மீன் தானே படைத்ததன்று. அதன் பிறப்பிடத்தைத் தேடிச் செல்வோமாயின், பூதக்கண்ணாடியின்றிக் காணவொண்ணாத பாசி ஒன்றின்முன் போய் நிற்போம்.

முதலில் நம் நன்னீர் மீன்களைக் கருதுவோம். 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையின் அடிவாரத்திலுள்ள மீன் பண்ணையையும், கட்லா, ரோகு, மிர்கால் என்னும் கெண்டையினக் குஞ்சுகள் அத்தகைய பண்ணைகளிலிருந்து ஏரி குளங்களுக்குச் செல்லுவதையும் நம்மிற் பலர் அறிவர். 1957-இல் ஹீராலால் சௌதுரி என்பார் கட்டாக்கில் இம்மீன்களைச் சுரப்புநீர் ஊசியால் முட்டையிடச் செய்த பின்னரே இக்குஞ்சு வளர்ப்பு நாடெங்கும் பரவியது. இதிலும் மூன்றாம் நாள் மஞ்சட்பை தீர்ந்து பசி தோன்றவே செய்யும். ஆயினும் உழவர் அஞ்சுவதில்லை. நாற்றங்காற் குளத்திற் சாணமும் கடலைப் பிண்ணாக்கும் கரைத்து விட்டுச் சில நாள் பொறுத்தால், நீர் பச்சை பூக்கின்றது. அப்பச்சையைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. குஞ்சு அவற்றைத் தின்று வளர்கின்றது. குளம் தானே சமைத்துத் தானே பரிமாறுகின்றது.

நாமக்கற் கோட்டையின் அடியிலுள்ள கமலாலயம் போன்ற எந்தக் குளத்து நீரிலும் ஒரு துளியை எடுத்து நம் கலாசாலைப் பூதக்கண்ணாடியின்கீழ் வைத்துப் பார்ப்பின், இச்சமையலறை முழுவதையும் காணலாம். பச்சை உருண்டைகள், படகு போன்ற பாசிகள், சவுக்குப் போன்ற இழையை வீசி நீந்தும் பாசிகள். இவற்றினிடையே, தலையில் இரு சக்கரங்கள் சுழலுவன போன்ற தோற்றத்தோடு ஒரு சிறு ஜந்து. அதனை ரோட்டிபர் என்பர். சக்கரம் தாங்கி என்பது அப்பெயரின் பொருள். மெய்யாகச் சக்கரம் ஏதும் இல்லை. வரிசையாக அடிக்கும் நுண்மயிர்களே அம்மயக்கத்தைத் தருகின்றன. இதனை மாணவர்கள் நன்கு நினைவில் வைத்தல் வேண்டும். இனி வரும் கதையில் இதன் உவர்நீர்த் தமையனுக்குப் பெரும் பங்கு உண்டு.

கடல்மீனைக் கட்டி வளர்க்க முயன்றோர் ஆதியில் இதனை அறிந்திலர். நார்வே நாட்டில் 1880-களில் பிளோடவிகன் என்னுமிடத்திற் காட் மீனின் முட்டைகளைப் பொரிக்கும் சாலை ஒன்று எழுந்தது. கோடிக்கணக்கான குஞ்சுகள் பொரிந்தன. அவற்றை ஊட்டி வளர்க்க வழி தெரியாமையால், மஞ்சட்பை இருக்கும்போதே கடலில் விட்டுவிட்டனர். பல பத்தாண்டுகள் இத்தொண்டு நடந்தது. கடலிற் காட் மீன் பெருகியதாக மெய்ப்பிக்க இயலவில்லை. முட்டை பொரிப்பது எளிது, வாய் திறந்த பின் காப்பதே அரிது என்னும் உண்மை இத்துணைப் பொருட்செலவில் அறியப்பட்டது.

விடை பல கைகளிலிருந்து துண்டு துண்டாக வந்தது. 1910-இல் ஆலன், நெல்சன் என்னும் இருவர் இங்கிலாந்தின் பிளிமத் நகரிற் கடற்பாசி நுண்ணுயிர்களைக் குடுவையில் வளர்க்கும் முறையை வெளியிட்டனர். மான் தீவில் மேரி பார்க் என்னும் அம்மையார் தனித்தெடுத்து வளர்த்த பொன்னிறப் பாசி ஒன்று 1949-இல் ஐசோகிரைசிஸ் என்னும் பெயரோடு விவரிக்கப்பட்டது. இன்று உலகின் குஞ்சு பொரிப்பகங்களில் அப்பெயரை அறியாதார் இல்லை. சிப்பி இனத்திற்கு இதுவே போதும். அவற்றின் குஞ்சுகள் பாசியை நேரே உண்பன. 1981-இல் தூத்துக்குடியில் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைச் செயற்கையாக வளர்த்தபோது ஐசோகிரைசிஸே அவற்றின் உணவாயிற்று. மீனின் செய்தி வேறு. கொடுவாக் குஞ்சு பிறவியிலேயே வேட்டுவன். அசைவதைக் கண்டு பாய்ந்து விழுங்குமேயன்றி, மிதக்கும் தூளை மேயும் இயல்பு அதற்கில்லை. அஃதன்றி, பாசி இரண்டு முதல் ஆறேழு மைக்ரான் அளவினது. மைக்ரானாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு கூறு. குஞ்சின் வாயோ ஏறத்தாழ 200 மைக்ரான் திறப்பது. நீரோடு சிறிது பாசி உட்செல்லினும் அது பசியாற்றாது. ஆதலின் பாசிக்கும் குஞ்சுக்கும் இடையே, பாசியைத் தின்பதாகவும், குஞ்சின் வாய்க்கு அடங்குவதாகவும், மெல்ல நீந்துவதாகவும் ஓர் இடையுயிர் வேண்டியதாயிற்று.

அவ்விடையுயிர் ஜப்பானிற் கிடைத்தது, அதுவும் ஒரு கேடாக. அங்கு விலாங்கு வளர்க்கும் குளங்களிற் பசிய நீர் திடீரெனத் தெளிந்து மீன்களுக்குத் தீங்கு நேர்வதுண்டு. உவர்நீர் ரோட்டிபர் பெருகிப் பாசியைத் தின்று தீர்ப்பதே அதற்குக் காரணம் என்று கண்டனர். பாசியை இவ்வளவு விரைந்து உண்டு இவ்வளவு விரைந்து பெருகும் ஜந்து குஞ்சுக்கு இரையாகுமே என்று எண்ணி, 1960-இல் இட்டோ என்னும் அறிஞர் அதனை மீன்குஞ்சுக்கு ஊட்டும் வழியை வெளியிட்டார். வயலில் வந்த எலியைப் பிடித்துப் பூனைக்கு இட்ட கதைதான். உவர்நீர் ரோட்டிபரின் சிறுவகை 100 முதல் 200 மைக்ரான் அளவுள்ளது. நல்ல காலத்திற் பெண்கள் ஆணின்றியே முட்டையிட்டுப் பெருகும். நாளொன்றுக்கு இருமடங்காகும் நிலையும் உண்டு. குஞ்சு சிறிது வளர்ந்த பின் ஆர்ட்டீமியா என்னும் உப்பள இறாலின் குஞ்சு இரையாகின்றது. இது தூத்துக்குடி உப்பளங்களிலும் வாழ்வதே. ஆயினும் உலகச் சந்தைக்கு அதன் உலர்முட்டை பெரும்பாலும் அமெரிக்காவின் பெரிய உப்பேரியிலிருந்து வருகின்றது.

இவ்வளவோடு அமையுமாயின் பாசியைப் பற்றி நாம் இத்துணை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ரோட்டிபரை ரொட்டி செய்ய உதவும் ஈஸ்டைக் கொடுத்தும் வளர்க்கலாம். அஃது மலிவு, எளிது. அவ்வாறே பலரும் செய்தனர். ரோட்டிபர் செழித்தது, குஞ்சும் வயிறு நிறையத் தின்றது, தின்றும் பத்துப் பதினைந்து நாளிற் கூட்டங்கூட்டமாக மடிந்தது. வலையால் ஒரு தொட்டியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினாலே அதிர்ச்சியால் மயங்கி விழுந்தது. நிறைந்த வயிற்றோடு நேர்ந்த இப்பட்டினியின் காரணத்தை அறியச் சிறிது ரசாயனம் புகுதல் வேண்டும்.

உயிர்களின் மூளையிலும் கண்ணின் விழித்திரையிலும் டி.எச்.ஏ. எனச் சுருங்க வழங்கும் நீண்ட கொழுப்பு அமிலம் ஒன்று மிகுதியாக உள்ளது. ஈ.பி.ஏ. என்பது அதன் உடன்பிறப்பு. கெண்டை போன்ற நன்னீர் மீன்கள், இலை தழைப் பாசிகளிற் கிடைக்கும் குறுகிய கொழுப்பு அமிலத்தைத் தம் உடலிலேயே நீட்டி ஒருவாறு இவற்றை ஆக்கிக்கொள்ள வல்லன. நம் உழவர் சாணத்தைக் கரைத்துவிட்டு நிம்மதியாக உறங்குவதன் காரணங்களில் இதுவும் ஒன்று. கடல்மீனுக்கு அத்தொழில் கைவரவில்லை. கடலில் அது விழுங்கும் ஒவ்வோர் இரையிலும் டி.எச்.ஏ. ஆயத்தமாக நிறைந்திருப்பதால், அதனைத் தானே செய்யும் தேவை அதற்கு நேரவில்லை என்று அறிஞர் கருதுவர். அன்றாடம் மடப்பள்ளிச் சோறு கிடைக்கும் வீட்டில் அடுப்பு மூட்டத் தெரிந்தவர் இல்லாமை போலும். அதனைத் தொட்டியில் அடைத்து ஈஸ்ட் தின்ற ரோட்டிபரைக் கொடுத்தால், உடல் கட்டும் மூலப்பொருளே இல்லாமற் போகின்றது. ஹெர்ரிங் என்னும் மீனில் நடத்தி 1995-இல் வெளியான சோதனை ஒன்றில், டி.எச்.ஏ. குன்றிய உணவுண்ட இளமீன்கள் மங்கிய ஒளியில் இரையைக் காணமாட்டாமற் போயின. கண் தெரியாத வேட்டுவன் எவ்வாறு பிழைப்பான்?

இக்கொழுப்பைச் சூரிய ஒளியிலிருந்து முதன்முதல் ஆக்குவது கடலின் நுண்பாசியே. பாசியிலிருந்து ரோட்டிபர், ரோட்டிபரிலிருந்து குஞ்சு என அது கைமாறிச் செல்கின்றது. ஆகவே ரோட்டிபரைத் தொட்டியிலிடுமுன் சில மணி நேரம் நல்ல பாசியில் ஊறவிட்டு அதன் வயிற்றை நிரப்புகின்றனர். ஆர்ட்டீமியாக் குஞ்சிலும் இயல்பாக டி.எச்.ஏ. மிகக் குறைவாகலின் அதற்கும் இச்சடங்கு உண்டு. குஞ்சு உண்பது ரோட்டிபரையன்று, ரோட்டிபர் என்னும் இலையில் மடித்த பாசியை என்று சொல்லினும் தகும்.

எப்பாசியும் இதற்கு உதவுமோ எனின், உதவாது. மிகுதியாகப் பயிராகும் நானோகுளோராப்சிஸ் இரண்டு முதல் நான்கு மைக்ரான் அளவுள்ள பச்சைப் புள்ளி, ஈ.பி.ஏ. நிறைந்தது, டி.எச்.ஏ. ஏறக்குறைய இல்லாதது. ஐசோகிரைசிஸில் டி.எச்.ஏ. உண்டு, ஆனால் வெப்பத்துக்கும் அழுக்குக்கும் எளிதில் நலியும். கண்ணாடியன்ன மணற்சத்து ஓடு கொண்ட கீட்டோசிராஸ் இறால் குஞ்சுகளுக்கு உகந்தது. பெயர் மயக்கமும் இதிற் பெரிது. ஜப்பானியர் நெடுங்காலம் கடற்குளோரெல்லா என்று அழைத்து ரோட்டிபருக்கு ஊட்டிவந்த பாசி, பின்னர் 1980-களில் நுணுகி ஆராய்ந்தபோது குளோரெல்லாவே அன்று, நானோகுளோராப்சிஸ் என்று தெரிந்தது. பெயரை நம்பி மெய்யான நன்னீர்க் குளோரெல்லாவை வாங்கி இட்டவர்க்கு ஈ.பி.ஏ.யும் இல்லை, டி.எச்.ஏ.யும் இல்லை, ரோட்டிபர் பெருகத் தேவையான பி12 என்னும் வைட்டமினும் அதில் இல்லை. இக்காலத்தில் அவ்வைட்டமினைப் பாசிக்கே ஊட்டி விற்கின்றனர். பாசிகளை இனம் பிரித்துப் பெயரிடும் படிப்பை வெறுங்கலை என்று எண்ணுவார் இதனைச் சிந்திப்பாராக. நம் மாகாணத்தில் அப்படிப்புக்கு வேரூன்றியவர் சென்னைச் சர்வகலாசாலையின் எம்.ஓ.பி. ஐயங்கார் (1886–1963), நீர் வற்றிய ஈரமண்ணிற் கிடந்த ஒரு பாசியை 1932-இல் பிரிட்சியெல்லா என்று பெயரிட்டு உலகுக்குக் காட்டியவர் அவர்.

இனிப் பாசி விளைவிக்கும் தொழிலைக் காண்போம். இதனைத் தொழிற்சாலை வேலை என்பதினும் வேளாண்மை என்பதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. வித்துக்கு ஈடாவது குளிரூட்டிய அறையில் விளக்கொளியில் நிற்கும் சிறு குடுவை. அதில் ஒரே இனப் பாசி, வேறு உயிர் கலவாமல், காக்கப்படுகின்றது. வடிகட்டி நோய்நுண்மம் அகற்றிய கடல்நீரில் நைட்ரேட், பாஸ்பேட், இரும்பு முதலிய உப்புக்களையும் சில வைட்டமின்களையும் கலந்து, அதில் வித்துப்பாசியைப் பாலுக்கு உறைமோர் இடுவது போற் சிறிதளவு இடுகின்றனர். சில நாளிற் குடுவை பச்சையாகும். அக்குடுவை முழுவதும் அடுத்த பெரிய கலத்துக்கு உறைமோராகும். அக்கலம் தொட்டிக்கு உறைமோராகும். இறுதியில் வெட்டவெளியிலுள்ள பெருந்தொட்டிகளுக்கு வரும்போது, உயர்ந்த உப்புக்கள் கட்டுப்படியாகா. அம்மோனியம் சல்பேட், சூப்பர் பாஸ்பேட், யூரியா என நம் நெல்வயலுக்கு இடும் உரங்களையே இடுகின்றனர்.

உறைமோரில் ஒரு நுட்பம் உண்டு. பாசி பெருகும் வேகத்தின் உச்சியில் இருக்கையிலேயே அடுத்த கலத்துக்கு மாற்றல் வேண்டும். முற்றிய பாசியை இட்டாற் புதுக்கலத்தில் நெடுநேரம் சோம்பி நிற்கும். அதற்குள் அழையா விருந்தினர் புகுந்துவிடுவர். இவ்வேளாண்மைக்குக் களையும் பூச்சியும் உண்டு. காற்றில் வந்த ஓர் ஒற்றை அணுவுயிரோ, கழுவாத குழாயில் ஒட்டிய ஒரு ரோட்டிபரோ போதும். மாலையிற் பசுமையாக நின்ற தொட்டி இரண்டொரு நாளில் வெளிறி நுரைத்துக் கெடும். ரோட்டிபர் வளர்க்கும் அறையிலிருந்து வருவோரைப் பாசியறைக்குள் விடாமை பொரிப்பகங்களிற் கடுமையான ஆசாரமாக இருப்பது இதனாலேயே. மழைக்காலத்து மேகமும் பெரும்பகை. வெயில் மறைந்தாற் பாசி வளராது. கொடுமை யாதெனின், குஞ்சுகள் வாய் திறப்பதோ வானத்தை நோக்கியன்று. பாசி குலைந்த நாளில் ரோட்டிபர் குலையும். ரோட்டிபர் குலைந்த நாளில் இலட்சம் குஞ்சுகள் குலையும்.

நம் நாட்டில் இவையனைத்தும் ஒருங்கு கூடிப் பயன் தந்த இடங்களில் இரண்டைச் சொல்வோம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், 1987-இல் ஏற்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தார் 1997-இற் கொடுவாவைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்த்தனர். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையத்தார், கடலில் மிதக்கும் கூண்டுகளில் வளர்த்த கடல்விராலை 2010 மார்ச்சில் முதன்முறையாக முட்டையிடச் செய்தனர்; மறு ஆண்டு ஜூலையிற் பாறையினத்தைச் சேர்ந்த பாம்பனோ மீனிலும் வெற்றி கண்டனர். கடல்விரால் விரைந்து வளரும் மீன். ஓராண்டு நிறையுமுன் சில கிலோ எடை எய்தும். பிடிபாடு குறைந்துவரும் கரையில், கூண்டு வைத்து மீன் வளர்க்க விரும்பும் குடும்பத்துக்கு முதலில் வேண்டுவது குஞ்சு. கடலிற் பிடித்த குஞ்சு வேண்டுமளவு கிடைப்பதரிது. பொரிப்பகத்துக் குஞ்சோ பாசியை நம்பியே பிழைக்க வேண்டும்.

மண்டபத்து முறையைச் சிறிது நோக்குவோம். வாய் திறக்கும் மூன்றாம் நாளளவில், தொட்டி நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் நானோகுளோராப்சிஸ் இருக்குமாறு செய்து, அதில் ரோட்டிபரை மில்லிலிட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு என விடுகின்றனர். எண்ணிப் பார்க்க: 2,000 லிட்டர்த் தொட்டி ஒன்றில் மில்லிலிட்டருக்குப் பத்து வீதம் 2 கோடி ரோட்டிபர், அதுவும் குஞ்சு தின்னத் தின்ன நிரப்பிக்கொண்டே இருத்தல் வேண்டும். ஒரு வாரம் போனபின் ஆர்ட்டீமியா. அதன்பின் மெல்ல மெல்லச் செய்தீவனத் தூள். இடையில் வளர்ந்த குஞ்சு இளைத்த குஞ்சை விழுங்கத் தொடங்குமாதலின், அளவு பார்த்துப் பிரித்து வைப்பதும் ஒரு வேலை. பொரிந்த நூற்றில் பத்து இருபது நிலைத்தால் அதனை நல்ல விளைச்சல் என்பர்.

அப்பச்சை நீர் உணவு காப்பதோடு நில்லாது. தொட்டியில் விட்ட ரோட்டிபர் பட்டினியால் இளைத்துப் போகாமல் அதனை நிறைவயிறாக வைத்திருக்கின்றது. மீன் கழிவின் அம்மோனியாவை உறிஞ்சுகின்றது. தெளிந்த நீரிற் கண் கூசிச் சுவரில் மோதும் குஞ்சுக்கு நிழலாகின்றது; பசிய பின்புலத்தில் வெளிறிய இரையைத் தெளிவாகக் காட்டுகின்றது. இக்கடைசிப் பயன் மட்டும் வேண்டுமெனிற் களிமண் போதும் என்று குளிர்நாட்டுப் பொரிப்பகத்தார் சிலர் பாசிக்குப் பதில் மெல்லிய களிமண்ணைக் கலக்கி வெற்றியும் கண்டுள்ளனர். களிமண் இரையைக் காட்டும். ரோட்டிபரின் வயிற்றை நிரப்பாது. நிரப்பும் வேலையை வேறிடத்தில் முன்னரே முடித்தவர்க்கே அச்சிக்கனம் ஆகும்.

பாசி வளர்க்கும் தொல்லைக்கு அஞ்சி மாற்று வழி தேடுவோர் பலர். செறித்து உறையவைத்த பாசிக்குழம்பு விலைக்குக் கிடைக்கின்றது. நம்பத்தக்கது, ஆயின் விலை மிக்கது. மீனெண்ணெயைக் குழம்பாக்கி ரோட்டிபருக்கு ஊட்டும் முறையும் பரவியுள்ளது. இதனைப் பற்றி எமக்கு ஓர் ஐயம் உண்டு. அவ்வெண்ணெய் எங்கிருந்து வருகின்றது? கடலில் வலைவீசிப் பிடித்த சிறுமீன்களிலிருந்தே. அம்மீன்களின் இனத்தவையே நம் கோழித் தீவனத்துக்கும் காய்கின்றன. கடலின் சுமையைக் குறைப்பதாகச் சொல்லி மீன் வளர்க்கப் புகுந்து, அவ்வளர்ப்புக்கே கடலின் சிறுமீனைப் பிழிவது வட்டிக்கு வாங்கி வட்டி கட்டுவது போன்றது. இதனினும் சிறந்தது ஷைசோகிட்ரியம் என்னும் நுண்ணுயிர் வழியாக வரும் எண்ணெய். இதனை மூடிய கலத்தில், வெயிலின்றிச் சர்க்கரைப் பொருளைக் கொடுத்தே வளர்க்கின்றனர், டி.எச்.ஏ. மிக நிறைந்தது. வணிகர் இதனையும் பாசி என்றே விற்பர். தாவர சாஸ்திரிகள் வேறு குலத்திற் சேர்ப்பர். இத்தகைய பொருளைத் தீவனத்திற் கலந்தாற் கோழியும் டி.எச்.ஏ. மிகுந்த முட்டையிடும் என்பதை நம் பண்ணையாளர் கருத்தில் இருத்துவது நன்று.

கொடுவாவுக்கு மற்றொரு சிறப்பு உண்டு. கடலிற் பிறந்து, இளமையிற் கழிமுகம் வழியே ஆறேறி வாழும் இயல்பினதாகலின், உப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பழக்கினால் நன்னீர்க் குளத்திலும் வளரும். ஆகவே சேலம், நாமக்கல் உழவர் ஒருவர் தம் கிணற்று நீர்க் குளத்திற் கொடுவா வளர்ப்பது ஆகாத காரியமன்று. ஆனால் அதன் முதல் மூன்று நான்கு வாரத்தை மட்டும் இந்நாட்டில் நடத்தல் இயலாது. அது கடல்நீரும் கடற்பாசியும் உள்ள இடத்திலேயே கழிதல் வேண்டும். விரலளவு வளர்ந்து, தூள் தீவனம் உண்ணப் பழகி, பிராணவாயு நிரப்பிய பைகளில் ஏறி வண்டி புறப்படும் நாளில் அக்குஞ்சுகளுக்கும் பாசிக்கும் இருந்த கணக்குத் தீர்ந்துவிடும். பொரிப்பகத்தார்க்குத் தீராது. தொட்டிகளைக் கழுவி வெயிலிற் காயவைத்தபின், குளிரறையிலுள்ள குடுவைகளுக்கு மீண்டும் புதுநீர் மாற்றுவர். அடுத்த மீன் முட்டையிடுமுன் பாசி பெருந்தொட்டிக்கு ஏறியிருத்தல் வேண்டும், அதற்கு இரண்டு மூன்று வாரமேனும் பிடிக்கும்.